மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஓர் இயற்கை உணவு வழிகாட்டி

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், எனக்கு ஆர்கானிக் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்த நேரம். கடலூர் உழவர் சந்தையில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "இது இயற்கைக் காயாம்மா?" என்று கேட்டேன்.

"செடியிலதான் காய்ச்சுது தம்பி. ஃபேக்டரியிலயா செஞ்சாங்க?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தட்டில் காயை அள்ளிப் போட்டுக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "மருந்தடிச்சதான்னு கேளு. அடிச்சேன். போன வெள்ளிக்கெழம. புழு வுழுந்தா அடிக்காம இன்னா பண்றது?"

அன்று செவ்வாய்க்கிழமை. நாலு நாள்தான் ஆகியிருந்தது. காய் வாங்காமல் வந்தேன், ஆனால் சரியான கேள்வி எது என்று அன்றுதான் தெரிந்தது. "இயற்கையா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "கடைசியா மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டால் பதில் வந்தே தீரும், அல்லது தடுமாற்றம் வரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியை எங்கே, யாரிடம், எதற்காகக் கேட்பது என்பதைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன்: இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

இயற்கை உணவு என்றதும் புற்றுநோய் வராது, சர்க்கரை போய்விடும் என்றெல்லாம் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்பி இறங்கினால் ஆறு மாதத்தில் வெறுத்துப்போகும். தெரிந்தது இவ்வளவுதான்.

பூச்சிமருந்து எச்சம் குறையும். இதில் கிட்டத்தட்ட சண்டையே இல்லை. 2014இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷனில் 343 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. வழக்கமான விளைச்சலில் எச்சம் தென்படுவது இயற்கை விளைச்சலைப் போல நான்கு மடங்கு என்றது. காட்மியம் என்ற கன உலோகமும் இயற்கைப் பயிர்களில் குறைவு, ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் கூடுதல் என்றும் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2012இல், ஸ்டான்ஃபோர்டு குழுவினர் செய்த தொகுப்பாய்வோ சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. எச்சம் குறைவு என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

புற்றுநோய் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. பிரான்ஸில் 68,946 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இயற்கை உணவை அதிகம் உண்டவர்களிடம் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு என்று அதில் தெரிந்தது. ஆனால் அப்படி உண்பவர்கள் பொதுவாகவே வசதியானவர்கள், புகை பிடிப்பது குறைவு, உடற்பயிற்சி அதிகம். எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், 2014இல், மொத்தத்தில் அப்படி ஒரு குறைவு தெரியவில்லை. ஆகவே வைத்தியத்துக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நிச்சயமாகப் பலன் பெறும் ஒருவர் உண்டு. ஆனால் அவர் உங்கள் வீட்டில் இல்லை. பாகூர் பக்கம் காலையில் வண்டியில் போனால் பார்க்கலாம்: கைலியை மடித்துக்கட்டி, முகத்தில் ஒரு துண்டு மட்டும் சுற்றி, முதுகில் டேங்க்கோடு வரப்பில் நடக்கிறவர். காற்று திரும்பினால் மருந்து அவர் மேலேயே வந்து விழும். சாயந்திரம் தலைவலி, வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலியில் பாதி அங்கேயே போய்விடும். நம் தட்டில் இருப்பது மில்லிகிராம் கணக்கு, அவர் தோளில் இருப்பது லிட்டர் கணக்கு.

முதல் படி: ஒரு மாதம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு மாதம் வீட்டுக்கு என்னென்ன, எவ்வளவு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் எழுதியபோது எடையில் முக்கால்வாசி அரிசி, எண்ணெய், வெங்காயம், தக்காளி, தேங்காய், பால் என்று ஆறு பொருளில் அடங்கிவிட்டது. நான் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கி வைத்திருந்த ஆர்கானிக் தேன், கினோவா, சியா விதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோ தேறவில்லை. தினமும் தட்டில் விழுவதை விட்டுவிட்டு, அலமாரியில் அழகாக நிற்பதை மாற்றியிருக்கிறேன்.

ஆர்கானிக் பிஸ்கட்டைப் பற்றி ஒரே வரி: அதுவும் மாவும் சர்க்கரையும்தான்.

இரண்டாம் படி: எதை மாற்றுவது, எதற்குப் பணத்தை வீணாக்க வேண்டாம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் மாதச் செலவு தாங்காது. இயற்கை விளைச்சல் பெரும்பாலும் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு விலை. அதனால் மருந்து அதிகம் விழும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

எதில் அதிகம் விழும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. எந்தச் செடியில் பூ, பிஞ்சு, காய் மூன்றும் ஒரே சமயத்தில் இருந்து, மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை பறிக்கிறார்களோ, அங்கே ஆபத்து. கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் எல்லாம் அப்படித்தான். மருந்து டப்பாவில் அடித்தபின் இத்தனை நாள் கழித்துப் பறிக்கவும் என்று காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள். ஆனால் பிஞ்சில் இருக்கும் புழுவுக்காக இன்று அடித்தால், அதே செடியில் முற்றி நிற்கும் காயை நாளைக்குப் பறித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முற்றிப்போய் விலை போகாது. விவசாயி கெட்டவர் என்று இல்லை, பயிரின் சுபாவம் அவரை அப்படி மாட்டிவைக்கிறது. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு உள்ளே போய்விட்டால் மருந்து அதைத் தொடாது. அதனால் போகும் முன்பே அடிப்பார்கள், திரும்பத் திரும்ப அடிப்பார்கள்.

இந்த வரிசையில் காலிஃபிளவரையும் திராட்சையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையையும். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கொசுறாகக் கிடைக்கும் இலைதானே என்று நினைப்போம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையை எச்சத்துக்காகத் தனியாகச் சோதிக்கும் பட்டியலில் வைத்திருந்தது. இலை சிறியது, எண்ணிக்கை அதிகம், மருந்து படியும் பரப்பும் அதிகம். அதைத் தோலுரித்தா சாப்பிட முடியும்?

சரி, எதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை? பண்ருட்டிப் பலாப்பழத்துக்கு. செம்மண்ணில் நிற்கிற பெரிய மரம், முள்ளுத் தோலுக்குள் சுளை. அதன் மேல் ஆர்கானிக் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம். தேங்காய், நுங்கு, தை மாதத்துப் பனங்கிழங்கு, சேனை, தெருவோர வீட்டு முருங்கைக்கீரை எல்லாம் இதே ரகம். முந்திரி கொஞ்சம் வேறு கதை. பூக்கும் பருவத்தில் தேயிலைக்கொசு என்ற பூச்சி தாக்கும், அப்போது மருந்தடிப்பார்கள். கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் அடித்து நேர்ந்த கொடுமைக்குப் பிறகு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பருப்பு கனத்த ஓட்டுக்குள் இருப்பதால் மருந்து நேராகப் படாது என்பது ஒரு நிம்மதி. அதனால் முந்திரி என் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது.

கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் கீரை, பழம், மிளகாயிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள், தினமும் தட்டில் அதிகம் விழும் அரிசியிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாம் படி: ஆளைப் பிடியுங்கள்

உழவர் சந்தைத் திட்டம் 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்கிற இடம் அது. அங்கே விற்பதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று அர்த்தமில்லை. ஆனால் விளைவித்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஒரு வசதி வேறெங்கும் கிடைக்காது. காலை ஆறு, ஆறரைக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் அவர்களுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம், பேச மாட்டார்கள்.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டில் மொத்தமாக வந்து இறங்கும் காயில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. விற்கிறவருக்கே தெரியாது. அங்கேயும் கிராமத்திலிருந்து கூடையோடு வந்து ஓரமாக உட்காரும் ஆயாக்கள் உண்டு. அவர்களைத் தேடுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வரும் என்னைப் போன்றவர்கள் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் சாலையோரக் கடைகளையும் ஒரு கண் பார்த்து வைத்துக்கொள்ளலாம். ஆரோவில் பக்கம் போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மழை அரித்த செம்மண் பொட்டல். அதை மரம் வைத்து மீட்டவர்கள் இயற்கை விவசாயத்தையும் கூடவே வளர்த்தார்கள். அன்னபூர்ணா, சாலிட்யூட், புத்தா கார்டன் என்று பண்ணைகள் உண்டு. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் சிலவற்றைச் சுற்றிப் பார்க்கலாம். புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு ஆர்கானிக் கடை முளைத்ததற்கும் அதுவே ஒரு காரணம். எல்லாக் கடையும் அந்தப் பண்ணைகளில்தான் வாங்குகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆள் கிடைத்தபின் என்ன கேட்பது? நான் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்பதில்லை. போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். நாலைந்து வாரம் வாங்கியபின், பேச்சோடு பேச்சாகக் கேட்பவை:

எந்த ஊர் நிலம், எந்தத் தண்ணி? கடலூரில் இதை விடவே கூடாது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களின் நிலத்தடி நீரைப் பற்றி எத்தனையோ வருடமாகப் புகார் உண்டு. உரமும் மருந்தும் போடாவிட்டாலும், தண்ணீர் கெட்டிருந்தால் காய் நல்லதாகிவிடாது. சாக்கடை கலந்த வாய்க்காலில் விளையும் கீரைக்கும் இதே கதிதான்.

கடைசியா மருந்தடிச்சது எப்போ, என்ன மருந்து? பெயர் தெரியாவிட்டால் டப்பாவில் இருக்கும் அடையாளக் கட்டத்தின் நிறத்தைக் கேளுங்கள். சிவப்பு கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறைந்துகொண்டே வரும். பல விவசாயிகளுக்கு இது தெரியும்.

பூச்சி வந்தா என்ன பண்ணுவீங்க? உண்மையிலேயே இயற்கையில் செய்கிறவர் இந்தக் கேள்விக்குத்தான் மலர்வார். வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய், இனக்கவர்ச்சிப் பொறி, ஓரத்தில் நட்ட ஆமணக்கு என்று அரைமணி நேரம் பேசுவார். "எங்க தோட்டத்துல பூச்சியே வராதுங்க" என்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்கே போய்வாருங்கள். வரப்பைப் பாருங்கள். காலி மருந்து டப்பாக்களை யாரும் ஒளித்து வைப்பதில்லை, அங்கேயே கிடக்கும். எருக்குழி இருக்கிறதா, மாடு இருக்கிறதா, ஒரே பயிரா இல்லை நாலைந்து கலந்திருக்கிறதா, பக்கத்து நிலத்துக்காரர் அடிக்கும் மருந்து இங்கே பறந்து வராமல் நடுவில் ஏதாவது வேலி, மர வரிசை உண்டா? பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காம் படி: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஆளை நேரில் பார்க்க முடியாத பொருளுக்குத்தான் சான்றிதழ். பருப்பு, மசாலா, வெல்லம், வெளியூர் அரிசி போன்றவை அதில் வரும்.

நாட்டில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று என்.பி.ஓ.பி., 2001இல் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். வெளியாள் ஒருவர் வந்து பரிசோதித்துச் சான்று தருவார். கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாட்டு அங்ககச் சான்றளிப்புத் துறை இந்த வேலையைச் செய்யும் அரசுத் துறை. இன்னொன்று பி.ஜி.எஸ். இந்தியா. ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை இன்னொருவர் பார்த்துப் பொறுப்பேற்பது. செலவு குறைவு, சின்ன விவசாயிக்கு ஏற்றது. பி.ஜி.எஸ்ஸில் "கிரீன்" என்றால் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலம், "ஆர்கானிக்" என்றால் முழுதாக மாறியது. என்.பி.ஓ.பி. முறையில் ஆண்டுப் பயிருக்கு விதைக்கும் முன் இரண்டு வருடம், மரப்பயிருக்கு அறுவடைக்கு முன் மூன்று வருடம் மாறும் காலம். போன வருடம்தான் யூரியாவை நிறுத்தினேன், இந்த வருடம் நூறு சதவீதம் ஆர்கானிக் என்று யாராவது சொன்னால் கணக்கு உதைக்கும்.

பாக்கெட்டில் ஜைவிக் பாரத், இந்தியா ஆர்கானிக், பி.ஜி.எஸ். போன்று அரசு அங்கீகரித்த முத்திரை இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் மட்டும் இருந்தால் அது உணவு வியாபார உரிமம், அவ்வளவே. உப்புமா மிக்ஸுக்கும் அது உண்டு. "நேச்சுரல்", "பாரம்பரியம்", "கிராமத்துச் சுவை", பாட்டி படம் இவையெல்லாம் இயற்கையில் விளைந்ததற்குச் சான்று ஆகாது. விளைவித்த சின்ன விவசாயியே நேரடியாக உங்களுக்கு விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதனால் சந்தையில் இருக்கும் அம்மாவிடம் போய் முத்திரை எங்கே என்று கேட்காதீர்கள். கடைக்காரரிடம் கேளுங்கள். சான்றிதழ் நகலில் பயிரின் பெயரும், எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இருக்கும். தேதியைப் படிக்க மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: அரிசி, நான் சூடுபட்ட இடம்

ஆர்வக்கோளாறில் ஒரு கடையில் பூங்கார் என்ற பாரம்பரிய அரிசியை 25 கிலோ மூட்டையாக வாங்கினேன். ஆடி மாதம். ஆவணி பிறப்பதற்குள் மூட்டையைத் தொட்டால் உள்ளே ஊர்வது தெரிந்தது. முறத்தில் கொட்டினால் வண்டு வரிசையாக நடக்கிறது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதி அரிசி கோழிக்குப் போனது.

வண்டு வந்தது அரிசியின் குற்றமில்லை. குடோனில் மருந்துப்புகை போடாத அரிசியில், அதுவும் தவிடு முழுதாகப் போகாத அரிசியில், நம் கடலோர ஈரக்காற்றுக்கு வண்டு வரத்தான் செய்யும். ஐந்து கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில், நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் நாலு வரமிளகாயும் போட்டு வையுங்கள். அரிசியைக் கடும் வெயிலில் காயப்போட்டால் வெடித்துக் குருணையாகிவிடும், நிழலில் ஆற விடுங்கள். மாவு, ரவை, பருப்பு என்றால் வாங்கியதும் இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும்.

எந்த அரிசி என்று கேட்பவர்களுக்கு: எடுத்த எடுப்பில் மாப்பிள்ளைச் சம்பாவில் இறங்காதீர்கள். சிவப்பு, தடிப்பு, ராத்திரியே ஊற வைக்க வேண்டும், வேக நேரமாகும். வீட்டில் முதல் வாரமே கலவரம். வெள்ளையாக, மெல்லியதாக இருக்கும் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா இரண்டில் ஒன்றைப் புழுங்கலாக வாங்கி, சொல்லாமலே பரிமாறுங்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்து பூங்காரை இட்லி மாவில் கால் பங்கு கலந்தோம். கருப்புக் கவுனி பொங்கலன்றும் பிறந்தநாளன்றும் தேங்காய், சர்க்கரை போட்டு இனிப்பாக. மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கு. அதன் பழையசோற்றுத் தண்ணீருக்கு ஈடு இல்லை, இது என் சொந்தச் சார்பு.

சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கமும் பாகூர்ப் பக்கமும் தெரிந்த விவசாயி இருந்தால் அப்போதே வருடத்துக்கு நெல்லாகச் சொல்லி வைத்துவிடுங்கள். நெல்லாக இருந்தால் சீக்கிரம் கெடாது. தேவைப்படும்போது அரைத்து வாங்கிக்கொள்ளலாம், அவருக்கும் கையில் முன்பணம் கிடைக்கும். இந்தப் பெயர்களெல்லாம் இன்று கடையில் கிடைப்பதற்கு, ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரும், ஆதிரெங்கத்தில் விதைநெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனும் முக்கியக் காரணம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பாரம்பரிய அரிசியும் அரிசிதான். தீட்டாத அரிசி கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும் என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் மீட்டரில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: எண்ணெய்க்கு ஒரு கூட்டல் கணக்கு

மரச்செக்கு என்றால் ஆர்கானிக் என்று பலர் நினைக்கிறார்கள். செக்கு என்பது எப்படி ஆட்டினார்கள் என்பதைச் சொல்லும், எப்படி விளைந்தது என்பதைச் சொல்லாது. இரண்டும் தனித்தனி.

கடலை எண்ணெய் உண்மையா என்று பார்க்க லேப் வேண்டாம், பேனா போதும். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டே கால் கிலோ கடலைப்பருப்பு போகும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் பருப்புக்கே 290 ரூபாய்க்கு மேல். ஆட்டுக்கூலி, பாட்டில் சேருங்கள், புண்ணாக்கு விற்ற காசைக் கழியுங்கள். 200 ரூபாய்க்குச் சுத்தமான செக்கெண்ணெய் என்று ஒருவர் கொடுத்தால், மீதி என்னவோ அதில் இருக்கிறது. நானே பருப்பு வாங்கிக் கொடுத்து ஆட்டிக்கொண்டு வருகிறேன். அதில் இன்னொரு லாபமும் உண்டு. பூஞ்சணம் பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். ரீஃபைண்டு எண்ணெயில் அது போய்விடும், செக்கெண்ணெயில் தங்கும். இயற்கையில் விளைந்த கடலைக்கும் இது பொருந்தும். அதனால் சுருங்கியது, கறுத்தது, கசந்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டபின்தான் செக்கில் கொட்ட வேண்டும்.

ஏழாம் படி: கழுவுவது

எல்லாமே இயற்கையில் வாங்க முடியாது. வாங்காத பாதியை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். அதுவே பாதி வேலை. ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைப்பது நல்லது. ஆப்பிளில் செய்த 2017 ஆய்வொன்றில் மேற்பரப்பில் இருந்த மருந்தை எடுப்பதில் வெறும் தண்ணீரை விட இது நன்றாக வேலை செய்தது. செடியே உறிஞ்சி உள்ளே கொண்டுபோன மருந்தை எதுவும் எடுக்காது. காலிஃபிளவரை மஞ்சள் உப்பு வெந்நீரில் போடுவது புழுவுக்காக, மருந்துக்காக அல்ல. இயற்கைக் கீரையையும் கழுவத்தான் வேண்டும். எரு போட்ட மண்ணில் கிருமியும் இருக்கும்.

எட்டாம் படி: ஒரு தொட்டி

மாடித்தோட்டம் போட்டு முழுக் குடும்பத்துக்கும் காய் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, இரண்டு கீரை வரும். மேலே சொன்ன மருந்துப் பட்டியலில் இரண்டு இதிலேயே கழிந்துவிட்டது, பாருங்கள். கறிவேப்பிலைக் கன்றைப் பெரிய தொட்டியிலோ கொல்லையிலோ வையுங்கள். புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்பது பாட்டி வைத்தியம், எங்கள் வீட்டில் பலித்தது.

கடலூரில் நமக்கு ஒரு வசதி. துறைமுகத்தில் மீன் கழிவு சும்மா கிடைக்கும். கழிவும் வெல்லமும் சம எடையில், தண்ணீர் சேர்க்காமல், மூடிய டப்பாவில் மூன்று நாலு வாரம் வையுங்கள். வாடை போய்ப் பழவாசனை வரும்போது மீன் அமிலம் தயார். லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து தெளியுங்கள். அசுவினி வந்தால் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, துளி காதிசோப் சேர்த்துச் சாயந்திரமாகத் தெளிக்கலாம். தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்றில் இலை கருகும். கிழக்குப் பக்கம் ஒரு பச்சை வலை கட்டிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்த ஒழுங்கெல்லாம் ஆட்டம் காணும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, நான் காய் வாங்கும் ஆற்றோரத் தோட்டங்கள் தண்ணீருக்குள் இருந்தன. சந்தையில் பல கடைகள் காலி. அதே வாரம் ஒரு கடையில் "உள்ளூர் ஆர்கானிக்" என்ற பலகைக்குக் கீழே காலிஃபிளவரும் குடைமிளகாயும் பளபளவென்று அடுக்கியிருந்தன. எந்த உள்ளூர் என்று கேட்டேன், பதில் இல்லை. மழை மாதத்துக்கு வத்தல், பருப்பு, கிழங்கு, பயறு என்று முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோடையிலேயே சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காயைக் காயவைத்துவிட வேண்டும். அந்த இரண்டு மாதம் சாதாரணக் காய் வாங்கினால் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். கழுவிச் சமையுங்கள்.

அந்தக் கத்தரிக்காய் அம்மா இன்னமும் அதே இடத்தில்தான் உட்காருகிறார். இன்னும் மருந்தடிக்கிறார். ஆனால் ஒரு மூலையில் நாலு பாத்தி மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசலில் விடுகிறார், எனக்கும் இன்னும் ஏழெட்டு வீட்டுக்கும். போன வாரம் போனபோது நான் வாய் திறக்கும் முன்பே கையை ஆட்டினார்.

"உன் பாத்தியில இந்த வாட்டி காயில்ல தம்பி, எல்லாம் சொத்த. மத்தது முந்தாநாளு அடிச்சது, வாணாம். பீர்க்கங்கா இருக்கு, அத எடுத்துக்கினு போ."

ஒரு கிலோ எடுத்துக்கொண்டேன். தோலைத் துவையலுக்கு வைக்கலாமா என்று கேட்டதற்கு, வைக்கலாம் என்றார்.